தவுவாவில் எழுதிய புகார்க் கடிதம்

"உங்கள் பையன் காணாமல் போயிருக்கிறானா, இல்லை உங்கள் பக்கத்தில் இல்லையா?"

பிஜியில் தவுவா என்ற சிறிய ஊரில், பலகைச் சுவர் வைத்த ஒரு காவல் சாவடியில், ஒரு காவலர் என்னிடம் இப்படிக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் முன்னால் இருந்த பதிவேட்டில் ஏதோ ஒன்றை எழுதியாக வேண்டும், அதற்காகக் கேட்டார். நான் அன்று ஒரு பதில் சொன்னேன். அது சரிதானா என்று ஆறு ஆண்டுகள் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

நான் பிஜிக்குப் போனது ஒரு பருவம் படிக்க. கல்வியியல் முதுகலையில் எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவர் சுவா நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம், அங்கிருந்து ஒருவர் திருச்சிக்கு வரலாம் என்று ஏற்பாடு. போக வேண்டியவளுக்குத் திருமணம் நிச்சயமானதால் பட்டியலில் அடுத்த பெயரான எனக்கு அந்த இடம் வந்தது. கவினுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. "விட்டுட்டுப் போறதுன்னா எங்கிட்ட விடாத, எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது" என்று மாமியார் முன்பே சொல்லிவிட்டார். அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றபோது, "பச்சப் புள்ளைய அவ்வளவு தூரமா?" என்றவரும் அவர்தான். கணவர், "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். எனக்கு எதுவும் முழுதாகச் சரியென்று படுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனேன்.

சுவாவில் மழை ஒரு வேலை போல நாள்தோறும் வந்து போகும். பேருந்துகளின் ஜன்னலில் கண்ணாடி கிடையாது. மேலே சுருட்டிக் கட்டிய தார்ப்பாய் இருக்கும். தூறல் விழுந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து அவரவர் பக்கத்துத் தார்ப்பாயை அவிழ்த்து விடுவார்கள். முதல் நாள் எனக்கு இது தெரியாமல் என் பக்கம் மட்டும் திறந்திருந்தது. பின்னால் இருந்த அம்மாள் என் தலைக்கு மேல் கையை நீட்டி அவிழ்த்துவிட்டு, "புதுசு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் இந்தியில் சொன்னார். நான் பள்ளி நாளில் எழுதிய இந்தித் தேர்வுகள் அந்த அளவுக்குப் போதுமானவையாக இருந்தன.

தங்கியது சரோஜ் அக்கா வீட்டின் கீழ்ப்பகுதியில். அவருடைய தாத்தா சென்னையிலிருந்து கரும்புக் கூலியாகக் கப்பலேறியவர். அக்காவுக்குத் தமிழ் பாதி புரியும், பேச வராது. கோயிலில் மட்டும் தேவாரம் போல ஒன்றை, இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். கூடத்தில் ஏற்கெனவே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆக்லாந்துக்குப் போக விண்ணப்பித்து இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார்கள். நல்ல பாத்திரங்கள் எல்லாம் பெட்டிக்குள். மிச்சம் இருந்த ஒரே வாணலியில் எல்லாக் கறியும். "இந்தத் தெருவில் பெட்டி கட்டாத வீடு எது?" என்று அவரே சிரிப்பார். இந்திய வம்சாவளியினர் அதிகம் இருந்த அரசை ராணுவம் முதன்முறை கவிழ்த்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது கிளம்பியவர்களின் வீடுகளில் இப்போது அடுத்துக் கிளம்பப் போகிறவர்கள் இருந்தார்கள்.

நான் வகுப்புக்குப் போகும்போது கவினைப் பார்த்துக்கொள்ள வந்தவள் லித்தியா. பிஜியின் பூர்வகுடிப் பெண், என்னைவிட நான்கு வயது இளையவள், நல்ல உயரம். ஆற்றுக்கு அப்பால் இருந்த தன் கிராமத்துத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். என்னிடம் அவள் பேசியது பிஜி இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஒன்று. சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துக் கவினுக்கு ஊட்டுவாள். என் கையால் கீரை என்றால் ஓடுகிறவன் அவளிடம் வாயைத் திறந்துகொண்டு நிற்பான். அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, நிம்மதி இல்லாமலும் இருந்தது. மாலையில் நான் வந்ததும் அவனை அவள் இறக்கிவிட மாட்டாள். நான் கை கழுவி, உடை மாற்றி, தேநீர் குடித்து முடிக்கும் வரை இடுப்பில் வைத்துக்கொண்டே நிற்பாள். "இறக்கி விடு, வலிக்கும்" என்றால், "பிள்ளை பாத்திரமா, கீழே வைக்க?" என்பாள்.

மே மாதம் ஒரு புதன்கிழமை நான் தவுவாவுக்குப் போனேன். கிராமப்புறப் பள்ளி ஒன்றில் இரண்டு நாள் வகுப்புகளைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். சனிக்கிழமை திரும்புவதாகத் திட்டம். கவினையும் கூட்டிப் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேருந்து தூரம், அவனுக்கு வாந்தி. அதனால் லித்தியா இரவும் எங்கள் அறையிலேயே தங்குவது, சரோஜ் அக்கா மேலிருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பால் பொடி, காய்ச்சல் மருந்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். லித்தியா அதைப் படித்துவிட்டு, "பரீட்சை எப்போது?" என்றாள்.

தவுவாவில் தங்கியது சரோஜ் அக்காவின் அண்ணன் முனிசாமி வீட்டில். கரும்பு விவசாயி, ஐம்பது வயது. என்னைப் பார்த்ததும், "வாம்மா, இன்னா இவ்ளோ நேரம்? பஸ் புட்டுக்கிச்சா?" என்று அவர் தமிழில் கேட்டது எனக்கு ஒரு கணம் சென்னையில் இறங்கிவிட்டது போல இருந்தது. பேருந்து உண்மையிலேயே வழியில் சக்கரம் பழுதாகி ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தது. அவர் மனைவி இந்தியில் குறுக்கிட்டார்: "இந்த வீட்டில் இவர் தமிழ் பேசுவது உழவு மாட்டிடம் மட்டும்தான். இன்றைக்கு நீ கிடைத்திருக்கிறாய்." "மாடு எதிர்த்துப் பேசாது" என்றார் அவர்.

வியாழன் அமைதியாகப் போனது. பள்ளியில் பிள்ளைகள் மதியம் ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டிக் கொண்டு வந்து, பூர்வகுடிப் பிள்ளைகளின் மரவள்ளிக்கிழங்கோடு மாற்றிக்கொண்டார்கள். பேரம் எதுவும் இல்லை. ஒரு பிள்ளை கேட்டால் மற்றது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். திருச்சியில் என் வகுப்பில் டிபன் பெட்டிகளுக்கு மூடி திறக்கும் முன்பே காவல் இருக்கும். இதை அறிக்கையில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேல் தலைமையாசிரியர் வகுப்பு வாசலுக்கு வந்து ஆசிரியையை வெளியே அழைத்தார். சுவாவில் பூர்வகுடியினர் சிலர் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் சுவாவில் இந்தியர்களின் கடைகள் கொள்ளை போகின்றன, எரிகின்றன என்று செய்தி வந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வழக்கம் போலக் கத்திக்கொண்டுதான் போனார்கள்.

முனிசாமி வானொலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "மறுபடியும் நம்ப தலைல உக்காந்துட்டானுங்க" என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்; யார் யார் இனி கனடாவுக்குப் போவார்கள் என்று இருவரும் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் தொலைபேசியில் எண்களைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். சுவா எண் எதுவும் கிடைக்கவில்லை. அன்று முழுவதும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சரோஜ் அக்கா எடுத்தார். அழுதுகொண்டே பேசினார். வெள்ளிக்கிழமை அவரும் கணவரும் நகரத்தில் இருந்த தங்கள் கடையைப் பூட்டப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது தெருமுனை வீடுகளில் கண்ணாடி உடைந்திருந்தது. எங்கள் கீழ் அறை பூட்டியிருந்தது, தங்களிடம் இருந்த சாவியால் திறந்து பார்த்திருக்கிறார்கள். லித்தியா இல்லை, கவின் இல்லை, அவன் போர்வையும் பால் பொடி டப்பாவும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அவர்களும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"அவள் கிராமத்துக்குக் கூட்டிப் போயிருப்பாள்" என்றேன்.

"யார் சொன்னது உனக்கு? இன்றைக்கு யாரை நம்புவது?" என்றார் சரோஜ் அக்கா. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பதற்றம் வந்தால் நான் ஓட மாட்டேன், அழ மாட்டேன். ஒழுங்காக எதையாவது எழுதுவேன். முனிசாமி வீட்டு மேசையில் உட்கார்ந்து, அவர் மகளின் நோட்டிலிருந்து கோடு போட்ட தாளைக் கிழித்து, காவல்துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில்தான். ஆனால் நாம் பள்ளியில் கற்ற விண்ணப்பத்தின் அமைப்பு: அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள் என்ற இடத்தில், 'என் மூன்று வயது மகன் பணிப்பெண்ணால் கடத்தப்பட்டது தொடர்பாக' என்று எழுதினேன். 'ஒருவேளை' என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தேன். பொருளில் 'ஒருவேளை' வராது என்று அடித்துவிட்டு, வேறு தாளில் சுத்தப் பிரதி எடுத்தேன். முனிசாமி படித்துப் பார்த்து, "வக்கீல் எழுதின மாரி கீது" என்றார். அவர் மனைவி மட்டும், "பெயர் எழுத வேண்டுமா?" என்று கேட்டார். எழுதினால்தானே தேடுவார்கள் என்றேன்.

காவல் சாவடியில் இருந்தவர் பூர்வகுடிக்காரர், பெரிய உடம்பு. மேசையில் உரித்த கமலா ஆரஞ்சு இருந்தது. எனக்கும் இரண்டு சுளை கொடுத்துவிட்டுத்தான் பதிவேட்டைத் திறந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான், "காணாமல் போயிருக்கிறான்" என்றேன். அவர், "அந்தப் பெண் போர்வையையும் எடுத்துப் போயிருக்கிறாள் என்றீர்களே" என்றார். "ஆமாம்" என்று சொல்லி, என் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பதிவேட்டை மூடிவிட்டு, வயர்லெஸ் கருவியை எடுத்து, சுவாவில் இருந்த காவலர்களுக்கு என் கடிதத்தைச் சொல்லுக்குச் சொல் வாசித்தார். லித்தியாவின் முழுப்பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

ஞாயிறன்று ஒரு ரொட்டி வண்டியில் இடம் கிடைத்தது. ரொட்டி வண்டியை யாரும் நிறுத்திவைக்க மாட்டார்கள் என்று முனிசாமிதான் கண்டுபிடித்தார். நிறுத்தினார்கள். நான்கு இடத்தில் மரம் போட்டு மறித்திருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஓட்டுநர் கீழே இறங்கி இரண்டு ரொட்டி கொடுத்து, ஐந்து நிமிடம் ரக்பி ஆட்டம் பற்றிப் பேசி ஏறினார். நான் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனை எனக்கு இப்போதும் ஒத்துக்கொள்வதில்லை. ஊரடங்குக்கு முன் போய்ச் சேர முடியாததால் வழியில் ஓட்டுநரின் உறவினர் வீட்டில் தங்கி, திங்கள் காலை சுவாவுக்கு வந்தேன்.

கவின் சரோஜ் அக்காவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தான். யாருடைய சட்டையையோ போட்டிருந்தான். தலை முழுக்கத் தேங்காயெண்ணெய். என்னைப் பார்த்து, "அம்மா, லாரி" என்றான்.

லாரி ராணுவத்துடையது. நடந்தது இதுதான். வெள்ளி மதியம் எங்கள் தெருவில் கல் விழத் தொடங்கியதும் லித்தியா அவனைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, பால் பொடியை எடுத்துக்கொண்டு, நடந்தே ஆற்றுப் பக்கம் போயிருக்கிறாள். படகில் தன் கிராமத்துக்குக் கொண்டு சேர்த்திருக்கிறாள். சாவியையும் செய்தியையும் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறாள், அவர்களும் போய்விட்டார்கள். கிராமத்தில் இருந்த ஒரே தொலைபேசி வேலை செய்யவில்லை. சனிக்கிழமை மாலை லாரியில் காவலர்களும் சிப்பாய்களும் வந்து, ஊர் முழுவதும் பார்க்க, லித்தியாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் கவினை இறக்கிவிட மறுத்ததால் அவனையும் ஏற்றினார்கள். நிலையத்தில் என் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஞாயிறு மதியம் வரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்து, சரோஜ் அக்காவின் கணவர் சதாசிவன் அண்ணன் போய்ச் சொன்ன பிறகு விட்டார்கள்.

அன்றே நான் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். அதற்கும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள்.

லித்தியா வேலைக்கு வரவில்லை. பல்கலைக்கழகமும் மூடியிருந்தது. அவள் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று நான் தினமும் நினைத்தேன். ஊரடங்கு, படகு, கவின் என்று தினமும் ஒரு காரணம் இருந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள்.

பத்து நாள் கழித்து அவர்களே வந்தார்கள். லித்தியாவின் மாமா, அண்ணன், அவள். மூவரும் சரோஜ் அக்கா வீட்டு முன்கூடத்தில், பெட்டிகளுக்கு முன்னால், தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மாமா இரு கைகளிலும் ஒரு திமிங்கிலப் பல்லை ஏந்தியிருந்தார். பெரிய வாழைப்பழம் அளவு, மெருகேறிய மஞ்சள், இரு முனையிலும் நாரில் பின்னிய கயிறு. தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் மொழியில் நீளமாகப் பேசினார். சதாசிவன் அண்ணன் என் காதில் மொழிபெயர்த்தார்: "தாயிடம் சொல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோனது எங்கள் வீட்டுப் பெண் செய்த தவறு. ஒரு தாய்க்கு மூன்று நாள் துன்பம் கொடுத்தோம். இதை வாங்கிக்கொண்டு மன்னிக்க வேண்டும்."

நான் சரோஜ் அக்காவைப் பார்த்தேன். "இது என்ன, தவறு என்னுடையதுதானே" என்றேன்.

"வாங்கு முதலில்" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ வாங்காமல் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். முதுகு வலிக்கும் மனுஷனுக்கு."

வாங்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவர்கள் கைகளைக் குழித்து மெதுவாகத் தட்டினார்கள். உடனே நான் ஆங்கிலத்தில், "நான்தான் உங்களிடம்..." என்று தொடங்கினேன். மாமா கையை உயர்த்திச் சிரித்தார். "முடிந்தது, தங்கச்சி" என்று இந்தியில் சொன்னார். "புதைத்தாயிற்று. இனி இதை யாரும் பேசக் கூடாது. நீயும் கூடாது, நாங்களும் கூடாது." பிறகு மரக் கிண்ணத்தில், சடங்குகளில் குடிக்கும் கவா வேரின் பொடியைக் கரைத்துத் தேங்காய் ஓட்டில் ஊற்றிக் கொடுத்தார்கள். சேற்றுத் தண்ணீர் போல இருந்தது, நாக்கு மரத்துப்போனது. கவின் நேராகப் போய் லித்தியாவின் மடியில் ஏறினான். அவள் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். என்னைப் பார்க்கவில்லை, அல்லது நான் பார்த்தபோது பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் நாளில் அவள் கவினுக்கு ஒரு சிறு பாய் பின்னிக் கொண்டு வந்தாள். "லித்தியா, அந்தக் கடிதம்" என்றேன். "செட், செட்" என்றாள். சரியாகிவிட்டது என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் சொல் அது. சொல்லிவிட்டுக் குனிந்து அவன் செருப்பை மாட்டிவிட்டாள். பல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றார்கள். சரோஜ் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது கவின் மூன்றாம் வகுப்பு. அந்தப் பாயில்தான் படம் வரைகிறான், லித்தியாவை நினைவில்லை.

சென்ற மாதம் சரோஜ் அக்காவின் கடிதம் வந்தது. ஒரு வழியாக ஆக்லாந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கடிதம் வந்தபோது கிளம்ப ஏழு வாரம் இருந்தது. பல்லை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். கூடவே போகிற போக்கில் ஒரு வரி: அந்த லாரி வந்த வாரத்திலிருந்து லித்தியாவிடம் ஞாயிறு வகுப்பைக் கொடுக்கவில்லையாம், இன்றுவரை வேறொருத்திதான் நடத்துகிறாளாம். யாரும் காரணம் சொல்வதில்லை. பேசக் கூடாது என்று ஆனதால், அவள் பிள்ளை திருடவில்லை என்பதையும் யாரும் பேச முடியவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம்.

சதாசிவன் அண்ணன் சொல்கிறாராம்: அந்தப் பல்லை எடுத்துக்கொண்டு நாங்கள் உன் சார்பில் அந்தக் கிராமத்துக்குப் போகிறோம், ஊர் முன்னால் உட்கார்ந்து, தவறு இந்தியாக்காரப் பெண்ணுடையது என்று சொல்கிறோம், அவள் பெயர் துலங்கும். சரோஜ் அக்கா சொல்வது வேறு: அவர்கள் கொடுத்ததையே திருப்பிக் கொண்டுபோனால் மன்னிப்பு செல்லாது என்று ஆகிவிடும், பாதிப்பேர் மறந்துபோனதை நீயே ஊரைக் கூட்டி நினைவுபடுத்துவாய், அந்த மாமாவின் வார்த்தைக்கும் மதிப்பு இருக்காது. என் கணவரிடம் கேட்டேன். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்றார்.

லித்தியாவையே கேட்கலாம். ஆனால் கேட்பதே பேசுவதாகிவிடும்.

இதைப் படிப்பவர்களில் அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் இருக்கலாம். இல்லாவிட்டாலும், நீங்கள் செய்த தவறுக்கு வேறொருவர் மன்னிப்புக் கேட்டு, அதை நீங்கள் வாங்கியும் கொண்டவர்கள் இருக்கலாம். பல்லைக் கொண்டுபோகச் சொல்லவா, வேண்டாமா? ஏழு வாரத்தில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.